இரண்டரை அங்குலம்

மில்வாக்கியில் தவக்காலத்து வெள்ளி என்றால்
ஊரே மீன் தின்னும்.
மாவில் தோய்த்துப் பொரித்த காட் மீன்,
உருளைக்கிழங்கு அடை, ரை ரொட்டி,
ஒரு சின்னக் கிண்ணத்தில் துருவிய கோஸ்.
சனிக்கிழமை விடிவதற்குள்
எனக்குப் போன் வரும்.

நாலு மணி. ஏரிக்காற்று காதைக் கடிக்கிறது.
லாரியைப் பின்பக்கமாக ஏற்றி நிறுத்தி
குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு
வொய்டாஸ் மீன் உணவகத்தின் பின்வாசலில் நிற்கிறேன்.
ஜெரோம் வொய்டாஸ் கதவைத் திறக்கிறார்,
மூக்கை மூடிக்கொள்கிறார்.
"சீக்கிரம், செங். பதினோரு மணிக்குக் கடை."

எட்டு போல்ட். அதில் ஒன்று துருவேறி அடம்.
மூடி நகர்ந்ததும்
அழுகல் முட்டை வாடை எழுந்து வந்து
சட்டைக்குள் குடியேறுகிறது.
இந்தச் சட்டைக்கு
என் வீட்டுக்குள் அனுமதியில்லை;
பதினாறு வருஷமாகக் கார் கொட்டகையில்
தனி ஆணியில் தொங்குகிறது.

வெண்ணெய் திரளும்போது தாழி உடையும் என்பார்கள்.
இந்தத் தாழி உடையாது, இரும்பு.
திரள விடுவது அதன் வேலை,
திரண்டதை அள்ளுவது என் வேலை.
மேலே கொழுப்பு, அடியில் கசடு,
இரண்டுக்கும் நடுவே நழுவித் தெருவுக்குப் போகும் தண்ணீர்.
கொழுப்பும் கசடும் சேர்ந்து
ஆழத்தில் கால்பங்கு ஏறினால் என்னைக் கூப்பிட வேண்டும்.
ஏறிய பிறகுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

அளவுக்குழலை இறக்கி
அடியை அடைத்துத் தூக்கி
டார்ச்சில் பார்க்கிறேன்.
அக்டோபரில் மூன்று அங்குலம்.
டிசம்பரில் மூன்று, ஒரு நூல் கூட.
இன்று ஐந்தரை.

அதே மீன். அதே எண்ணெய்க்காரர்.
கல்லாவில் கேட்டால் கூட்டமும் அதேதான் என்கிறார்கள்.
அப்புறம் இந்த இரண்டரை
எந்த வழியாக உள்ளே வந்தது?

கசடைக் கரண்டியால் கிளறினேன்.
மீன் தோல். எலுமிச்சைத் தோல். கோஸ் நார்.
காகிதக் கைக்குட்டை, அதில் யாரோ உதட்டுச் சாயம் ஒற்றியது.
ஒரு தட்டிலும் யாரும் எதையும் வழிக்கவில்லை.

"மிலாக்ரோஸ் எங்கே?" என்றேன்.

"ஜனவரியிலேயே அனுப்பிவிட்டேன்.
ஒரு தட்டோடு ஒரு யுகம் நிற்பாள்.
இப்போது மெஷின். கொதிநீர். பாதி நேரம்."

ஒருநாள் கதவிடுக்கில் பார்த்திருக்கிறேன்.
கையில் தேய்ந்த ரப்பர் கரண்டி,
தட்டுக்கு இரண்டு இழுப்பு,
வாணலிக்குப் பழைய செய்தித்தாள் ஒரு துடைப்பு,
அதற்கப்புறம்தான் தண்ணீர்.
வானொலியில் பேஸ்பால் ஓடிக்கொண்டிருந்தது.
ஓட்டம் எடுத்தால் மட்டும் கரண்டி நிற்கும்.

கொதிநீர் கொழுப்பை உருக்கும்;
உருகினது தொட்டியில் தங்காது,
தடுப்புக்கு அடியில் நழுவி வெளியேறி
தெருவுக்குக் கீழே போய் ஆற அமர உறையும்.
அடுத்த மாதம் நகராட்சி
அவருக்கு ஒரு கடிதம் எழுதும்.
இதைச் சொன்னேன். அவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

உறிஞ்சி முடித்துச் சுவரைச் சுரண்டி
தடுப்பைத் தட்டிப் பார்த்து
மூடியின் ரப்பர் வளையத்தை மாற்றினேன்.
பராமரிப்பு ஏட்டில் தேதி, அளவு.
குறிப்பு என்ற கட்டத்தில்
"தட்டு வழிப்பவர் இல்லை" என்று எழுதினேன்.

ஜெரோம் எட்டிப் பார்த்தார்.
"அது என்ன, ஏதாவது உதிரிபாகமா?"
"ஆமாம்."
"விலை எவ்வளவு?"

ஆஸ்பத்திரி கேன்டீன் என் செவ்வாய்க்கிழமைத் தொட்டி.
பிப்ரவரியிலிருந்து அங்கே
கொழுப்பு ஒன்றேமுக்கால் அங்குலத்தைத் தாண்டவில்லை.
சமையல்காரர் புது எண்ணெயைப் புகழ்கிறார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை, அங்கேயும்.

மூடும் முன் குளிர்ந்த தண்ணீர் நிரப்ப வேண்டும்.
வெறும் தொட்டி எதையும் பிடித்து வைக்காது.
"அது தானாக நிரம்பாதா?" என்கிறார்,
கடிகாரத்தைக் காட்டுகிறார்.
குழாயைத் திறந்துவிட்டு
தொட்டி விளிம்பில் குந்தினேன்.
கறுப்புத் தண்ணீரில் சமையலறை விளக்கு
மெல்ல மெல்ல மேலே வந்தது.